மின்னஞ்சலில் மஞ்சள் விற்க...

மஞ்சளைத் தூளாக்கி நேரடியாக விற்கும் உழவர் பெருமக்கள், வாடிக்கையாளருக்கு மின்னஞ்சல் எழுதும்போது தலைப்பு வரியில் தனிக் கவனம் செலுத்துதல் வேண்டும். 'வணக்கம்' என்று மட்டும் தலைப்பிட்டால் பலர் திறப்பதில்லை. கைபேசித் திரையில் முதற் சில சொற்களே தெரியும். எனவே 'ஈரோடு மஞ்சள் தூள் - மாசி அறுவடை, அரைக் கிலோ' என்பதுபோல் பொருளின் பெயர் முன்னால் நிற்கட்டும். (ஈரோடு மஞ்சள் 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. வேறு பகுதி மஞ்சளுக்கு அப்பெயரைச் சூட்டலாகாது.)

எனக்கு வந்த ஒரு கடிதத்தில் மஞ்சளின் பெருமை மூன்று பத்தி இருந்தது. விலை எங்குமே இல்லை! 'தரமானது' என்று பத்து முறை எழுதுவதைவிட, என்று வெட்டியது, எத்தனை நாள் காயவைத்தது, எப்போது அரைத்தது என்று எழுதுங்கள். விலை, அனுப்பும் செலவு, பணம் செலுத்தும் முறை மூன்றும் அடுத்தடுத்து வரட்டும்.

'புற்றுநோயைக் குணப்படுத்தும்' என்பன போன்றவற்றை அறவே எழுத வேண்டாம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்திற்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. ஒரு பருவத்து வருமானமே போய்விடும்.

பலருக்கு ஒருசேர அனுப்பும்போது முகவரிகளை 'பிசிசி' கட்டத்தில் இடவும். இல்லையேல் ஒருவர் முகவரி மற்ற அனைவருக்கும் தெரிந்துவிடும். 1978இல் அமெரிக்காவில் கணிப்பொறி விற்பனையாளர் ஒருவர், கேளாத சுமார் 400 பேருக்கு விளம்பர மடல் அனுப்பிக் கண்டனத்துக்கு ஆளானார். தாமாக முகவரி தந்தவர்களுக்கு மட்டும் எழுதுங்கள். 'வேண்டாம்' என்பவரின் பெயரை அன்றே நீக்கிவிடவும்.