குட்டை மீனுக்கு எந்தக் கத்தி?

கல்வராயன் மலை அடிவாரத்தில் பண்ணைக்குட்டை வெட்டி மீன் வளர்க்கிற நாம, பிடிச்ச மீனைக் கரையிலேயே சுத்தம் பண்ணிக் கொடுத்தா வாங்குறவங்களுக்கும் வசதி, கழிவும் நம்ம நிலத்திலேயே தங்கும். ஆனா அதுக்குச் சரியான கத்தி வேணும்.

முதல் அறுவடைக்கு நான் பளபளன்னு ஒரு மெல்லிய கத்தி வாங்கினேன். ரெண்டு கிலோ கட்லாவோட தலையில் வச்சு அமுக்கினதும் கத்தி வளைஞ்சு வழுக்கியது. விரலில் மூணு தையல். கத்தி மேல குத்தமில்லை. அந்த வேலைக்கு அது இல்லைன்னு எனக்குத்தான் தெரியலை.

மீனைப் பார்த்துக் கத்தி

கட்லா, ரோகு, மிர்கால் போன்ற கெண்டை இனங்களில் சதைக்குள்ளேயே கவட்டை மாதிரி பிளந்த நுண்முள் இருக்கும். நடுமுள்ளை ஒட்டிச் சதையைத் தனியா எடுத்தாலும் அந்த முள் கூடவே வரும். ஆகவே இவற்றைக் குறுக்கே துண்டு போடுவதே சரி. அதற்குக் கனமான அரிவாள்மனைதான் பொருத்தம்.

ஜிலேபி, விராலில் அந்தத் தொல்லை கிடையாது. முள் இல்லாத சதையாக எடுக்க 15 முதல் 18 செ.மீ. நீளமுள்ள, லேசாக வளையும் மெல்லிய கத்தி உதவும். அதை வைத்துத் தலையை வெட்டாதீங்க.

வாங்கும்போது

* கொல்லுப்பட்டறையில் அரிவாள்மனை செய்யச் சொன்னா, பழைய லாரி ஸ்பிரிங் பட்டையில் அடிச்சுத் தரச் சொல்லுங்க. நல்லா பதம் பிடிக்கும்.
* பலகை அகலமா, ஆடாம இருக்கணும். வேலை முடிஞ்சதும் மடக்கி வைக்கிற மாதிரி இருந்தா பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு.
* மெல்லிய கத்தியின் பிடி ஈரக்கையில் வழுக்கக் கூடாது. விரல் முன்னே நழுவாம தடுப்பு இருக்கணும்.
* சாதா இரும்பு சீக்கிரம் கூர் ஏறும், ஆனா துருப்பிடிக்கும். கழுவித் துடைச்சு எண்ணெய் தடவி வைங்க. துருப்பிடிக்காத எஃகுக்குப் பராமரிப்பு குறைவு. தீட்ட நேரம் எடுக்கும்.

தீட்டுதல்

மழுங்கின கத்திதான் கையை வெட்டும். அதிகமா அமுக்குவோம், வழுக்கும். சாணைக்கல்லை நனைச்சு, மெல்லிய கத்தியை ஏறக்குறைய 15 டிகிரி சாய்வில், கனமானதை 20 முதல் 25 டிகிரியில் தீட்டுங்க. செய்தித்தாளைப் பிடிச்சு அறுத்தா கிழியாம நேரா வெட்டணும். மின்சாரச் சாணையில் கொடுத்து, கூர் ஓரம் நீலம் பாய்ஞ்சா பதம் போச்சுன்னு அர்த்தம்.

வயிற்றைக் கீறும்போது

நுனியை ஆழமா இறக்காதீங்க. பித்தப்பை உடைஞ்சா சதை கசக்கும். கெண்டைப் பித்தத்தை மருந்துன்னு விழுங்குறதும் தப்பு. அது சிறுநீரகத்தைக் கெடுக்கும் விஷம். விரால் வழுக்கினா கையில் சாம்பலைத் தொட்டுக்கங்க.

மிஞ்சின குடல், செவுள், செதிலை வீசிடாதீங்க. அதே எடைக்கு நாட்டுவெல்லம் சேர்த்து மூடி வச்சா மீன் அமிலம் தயார். நம்ம மாவட்டத்தில் கரும்புக்கா பஞ்சம்?

அடுத்த மீன்பிடிக்கு முன்னாடி ஒரு வேலை: வீட்டில் இருக்கும் கத்தியில் செய்தித்தாளை அறுத்துப் பாருங்க. கிழிஞ்சா, முதலில் சாணைக்கல்லை எடுங்க.