பழைய விசைப்படகைப் புதுப்பிக்கும்போது டீசல் டேங்க்கை எங்கே வைப்பது?

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்லத் தடை உள்ளது. படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்க ஏற்ற காலம் இதுவே. பலகை மாற்றுவது, வங்குக்கால்களைப் பலப்படுத்துவது, கலப்பற்று அடைப்பது, எஞ்சினை மாற்றுவது போன்ற வேலைகளுக்கு மீனவ நண்பர்கள் தாராளமாகச் செலவு செய்கிறார்கள். ஆனால் டீசல் டேங்க்கை எங்கே வைப்பது என்பதைப் பலர் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். எங்கே இடம் காலியாக இருக்கிறதோ அங்கே வைத்து விடுகிறார்கள். இது தவறு. இடம் மாறி வைத்த டேங்க் நல்ல படகையும் கெடுத்து விடும். ஆளுயிருக்கும் ஆபத்தாக முடியும்.

முன்பாரம், பின்பாரம்

மாட்டு வண்டியில் மூட்டை ஏற்றும் விவசாயிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முன்பாரம் கூடினால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் கூடினால் நுகத்தடி மேலே தூக்கிக் கழுத்துக் கயிறு இறுக்கும். பாரம் அச்சுக்கு நேராக இருந்தால்தான் மாடு களைப்பில்லாமல் இழுக்கும்.

படகும் அப்படித்தான். பின்புறம் அதிகம் தாழ்ந்தால் அணியம் தூக்கிக் கொள்ளும். காற்று அதைப் பக்கவாட்டில் தள்ளும். பின்னாலிருந்து வரும் அலை எளிதாகத் தளத்தில் ஏறும். அணியம் தாழ்ந்தால் சுக்கானும் விசிறியும் மேலே எழும்பும். விசிறி காற்றைக் கலக்கிக் கொண்டு வீணாகச் சுற்றும். சுக்கான் சொன்னபடி கேட்காது. பின் அலையில் ஓடும்போது படகு சட்டென்று குறுக்கே திரும்பி விடும். படகு கவிழ்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

டீசல் குறையும் பாரம்

எஞ்சின், வின்ச், கேபின் ஆகியவை நிலையான பாரங்கள். டீசல் அப்படியல்ல. ஒரு லிட்டர் டீசல் சுமார் 850 கிராம் எடை உள்ளது. 400 லிட்டர் டேங்க் நிரம்பியிருக்கும்போது டீசல் மட்டும் 340 கிலோ. கரை திரும்பும்போது இதில் பெரும் பகுதி தீர்ந்திருக்கும். ஆகவே டேங்க் நிரம்பியிருந்தாலும் காலியாக இருந்தாலும் படகின் நிலை அதிகம் மாறாத இடத்தையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அந்த இடம் எது? ஒவ்வொரு படகிலும் ஒரு குறிப்பிட்ட இடத்தில் பாரம் ஏற்றினால், முன்னும் பின்னும் ஒரே அளவாகத் தாழும். இதைச் சமன்புள்ளி என்று சொல்லலாம். வண்டிக்கு அச்சு எப்படியோ, படகுக்கு இந்தப் புள்ளி அப்படி. பின்புறம் அகன்ற நமது விசைப்படகுகளில் இது நீர்க்கோட்டின் நடுவிலிருந்து சற்றுப் பின்னால் இருக்கும்.

சமன்புள்ளியைக் கண்டுபிடிக்கும் முறை

இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். பலகை வேலை முடிந்து, எஞ்சின் இறக்கி, படகை மிதக்க விட்ட பிறகு, டேங்க்கை நிரந்தரமாகப் பொருத்துவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும்.

1. காற்று இல்லாத அதிகாலையில், அலையடிக்காத துறைமுகத்திலோ கழிமுகத்திலோ படகை நிறுத்துங்கள். கட்டிய கயிறுகள் தளர்வாக இருக்கட்டும். அடியில் தேங்கிய தண்ணீரை இறைத்து விடுங்கள்.

2. அணியத்திலும் பின்புறத்திலும், இரு பக்கங்களிலும், தண்ணீர் தொடும் இடத்தில் பெயிண்டால் கோடு போடுங்கள். அதற்கு மேலும் கீழும் ஒவ்வொரு சென்டிமீட்டருக்கும் கோடு குறியுங்கள்.

3. பத்து ஆட்களைப் படகின் நடுக்கோட்டில் நெருக்கமாக நிற்க வையுங்கள். ஆளுக்கு 60 கிலோ என்றால் 600 கிலோ ஆகிறது. சிறு வள்ளத்தில் ஒருவர் சுற்றி வந்து கோடுகளைப் படிக்கட்டும்.

4. பின்புறம் அதிகம் தாழ்ந்தால் ஆட்கள் ஓரடி முன்னே நகரட்டும். அணியம் தாழ்ந்தால் ஓரடி பின்னே நகரட்டும். முன்னும் பின்னும் சமமாகத் தாழும் இடத்தில் தளத்தின் மேல் அடையாளம் போடுங்கள். அதுவே சமன்புள்ளி. 32 அடிப் படகு இந்தப் பாரத்துக்குச் சுமார் 3 சென்டிமீட்டர் தாழும்.

கணக்குப் பார்க்கும் முறை

ஒரு பாரத்தின் எடையைக் கிலோவிலும், சமன்புள்ளியிலிருந்து அதன் தூரத்தை மீட்டரிலும் எடுத்துப் பெருக்குங்கள். வரும் தொகையை 'பார எண்' என்று வைத்துக் கொள்வோம். 32 அடிப் படகில் பார எண் சுமார் 100 மாறினால், முன்னுக்கும் பின்னுக்கும் உள்ள மட்ட வித்தியாசம் ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மாறும். படகின் அகலத்தையும் வடிவத்தையும் பொறுத்து இது சற்றுக் கூடும், குறையும்.

340 கிலோ டீசலைச் சமன்புள்ளிக்கு 3 மீட்டர் பின்னால் வைத்தால் பார எண் 1,020. டேங்க் நிரம்பியதற்கும் காலியானதற்கும் இடையே சுமார் 10 சென்டிமீட்டர் வித்தியாசம் வரும். அதே டேங்க்கை ஒரு மீட்டர் பின்னால் வைத்தால் பார எண் 340. வித்தியாசம் மூன்றரை சென்டிமீட்டருக்குள் அடங்கி விடும்.

பலர் செய்யும் தவறு

பழைய எஞ்சின் 900 கிலோ, புதிய எஞ்சின் 600 கிலோ என்று வைத்துக் கொள்வோம். எஞ்சின் இருக்கும் இடம் சமன்புள்ளிக்கு 2 மீட்டர் பின்னால். பின்புறத்தில் 300 கிலோ குறைந்து விட்டது. பார எண்ணில் 600 குறைவு. படகு அணியம் தாழ்ந்து நிற்கும்.

'டேங்க்கைப் பின்னால் தள்ளி வைத்தால் சரியாகி விடும்' என்று பலரும் நினைப்பார்கள். 3 மீட்டர் பின்னால் வைத்துப் பார்ப்போம். டேங்க் நிரம்பியிருக்கும்போது 1,020 கிடைக்கிறது. குறைந்த 600 போக 420 மிச்சம், பின்புறம் தாழ்கிறது. டீசல் தீர்ந்ததும் பழையபடி 600 குறைவு, அணியம் தாழ்கிறது. அதுவும் எப்போது? மீன் ஏற்றிக் கொண்டு, பின் அலையில் கரை திரும்பும் நேரத்தில்!

நிலையான குறையை நிலையான பாரத்தால்தான் சரி செய்ய வேண்டும். இந்த உதாரணத்தில் 200 கிலோ இரும்பையோ சிமெண்டுக் கட்டிகளையோ 3 மீட்டர் பின்னால், ஏராவை ஒட்டித் தாழ்வாக, அசையாதபடி பிணைத்தால் 600 கிடைத்து விடும். அடித் தண்ணீர் ஓடும் துவாரங்களை அவை அடைக்கக் கூடாது. டேங்க் சமன்புள்ளிக்கு அருகிலேயே இருக்கட்டும்.

ஒரு டேங்க்கா, இரண்டா?

சமன்புள்ளி இருக்கும் இடத்தில் பெரும்பாலும் மீன் அறை இருக்கும். அப்போது எஞ்சின் அறையின் முன்சுவரை ஒட்டி, இரு பக்கமும் ஒரே அளவுள்ள இரண்டு டேங்க்குகளை வைப்பது நல்லது. இதில் மற்றொரு நன்மையும் உண்டு. பாதி நிரம்பிய டேங்க்கில் படகு சாயும்போது டீசலும் அதே பக்கம் ஓடிச் சாய்வை அதிகமாக்கும். டேங்க் எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு இந்தக் கேடு வெகுவாக ஏறும். அகலமான ஒரு டேங்க்கை நடுவில் பிரித்துத் தனித்தனி டேங்க்குகளாக ஆக்கினால் இக்கேடு நாலில் ஒரு பங்காகக் குறைந்து விடும்.

டேங்க்கின் உள்ளே துளையுள்ள தடுப்புத் தகடு வைப்பதும் அவசியம். ஆனால் அது டீசல் வேகமாக மோதுவதை மட்டுமே தடுக்கும். படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தே நின்றால், துளை வழியாக டீசல் மெதுவாக அந்தப் பக்கம் போய்ச் சேரும்.

இரண்டு டேங்க்குகளையும் இணைக்கும் குழாயில் வால்வு இருக்க வேண்டும். கடலில் ஓடும்போது அதை மூடி வைக்க வேண்டும். எஞ்சினிலிருந்து மிச்ச டீசல் திரும்பி வரும் குழாயையும் கவனியுங்கள். ஒரு டேங்க்கிலிருந்து எடுத்து மற்றதில் திருப்பி விட்டால், ஒரு பக்கம் காலியாகி மறு பக்கம் நிரம்பும்; படகு சாயும். எந்த டேங்க்கிலிருந்து எடுக்கிறோமோ அதற்கே திருப்ப வேண்டும்.

உயரத்தில் வைக்காதீர்கள்

கேபின் கூரையிலோ தளத்தின் மேலோ டேங்க் வைத்தால், மேல்பாரம் கூடி, சாய்ந்த படகு நிமிரும் சக்தி குறையும். கூடுதல் டீசலைப் பீப்பாயில் தளத்தின் மேல் ஏற்றுவதும் இதே கெடுதலைச் செய்யும். 200 லிட்டர் பீப்பாயில் டீசல் மட்டும் 170 கிலோ. அது கட்டவிழ்ந்து உருண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அணியத்தின் நுனியிலும் டேங்க் கூடாது. நுனியில் பாரம் இருந்தால் படகு அலையில் ஏறாமல் குத்தி இறங்கும்.

டேங்க் அமைப்பில் கவனிக்க வேண்டியவை

உட்புறம் துத்தநாகம் பூசிய தகட்டை டீசல் டேங்க்குக்குப் பயன்படுத்தக் கூடாது. துத்தநாகம் டீசலுடன் சேர்ந்து கசடு உண்டாக்கிப் பில்டரை அடைக்கும். புகைக்குழாய்க்கு அருகில் டேங்க் வேண்டாம். டீசல் ஊற்றும் வாய் தளத்தின் மேல் இருக்கட்டும். சிந்தினாலும் எஞ்சின் அறைக்குள் விழாது. காற்றுப் போக்கியின் நுனியைக் கடல் நீர் புகாதவாறு உயர்த்தி, கீழ்நோக்கி வளைத்து வையுங்கள். தீப்பிடித்தால் எஞ்சின் அறைக்கு வெளியிலிருந்தே டீசலை நிறுத்தும்படி வால்வு அமைய வேண்டும். டேங்க்கின் தாழ்ந்த மூலையில் தண்ணீரையும் கசடையும் வடிக்க ஓர் அடைப்பான் வேண்டும். பொருத்துவதற்கு முன் ஊற்றும் குழாயின் வாய் வரை தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் வைத்துக் கசிவு பாருங்கள். சோதனை முடிந்ததும் நன்றாக உலர்த்தி விடுங்கள்.

கடைசிச் சோதனை

வேலை முடிந்ததும் படகை மூன்று நிலைகளில் சோதியுங்கள். முதலாவது, டீசலும் ஐஸும் முழுமையாக ஏற்றிய நிலை. இரண்டாவது, டீசல் பத்தில் ஒரு பங்கும் மீன் முழுமையாகவும் உள்ள நிலை. மூன்றாவது, அதே குறைந்த டீசலுடன், மீன் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் உள்ள நிலை. மீனுக்குப் பதிலாக மணல் மூட்டைகளை வைக்கலாம். மூன்றிலும் அணியம் பின்புறத்தை விடத் தாழக் கூடாது. தளத்தின் பக்கத் துவாரங்கள் தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும்.

பிறகு, அமைதியான தண்ணீரில் கயிறுகளைத் தளர்த்தி, ஆட்கள் பக்கம் மாறி அசைத்துப் படகை ஆட விடுங்கள். அசைப்பதை நிறுத்தியபின், ஒரு பக்கம் சாய்ந்து, மறு பக்கம் போய், மீண்டும் முதல் பக்கம் வர எத்தனை விநாடி ஆகிறது என்று பாருங்கள். ஐந்து ஆட்டத்தின் நேரத்தை எடுத்து ஐந்தால் வகுத்தால் சரியாகத் தெரியும். இந்த விநாடிக் கணக்கு, மீட்டரில் படகின் அகலத்தை விடக் குறைவாக இருந்தால் நிமிரும் சக்தி பொதுவாகப் போதுமானது. 2.6 மீட்டர் அகலப் படகு இரண்டேகால் விநாடியில் ஆடி வந்தால் நல்லது. மூன்றரை விநாடி எடுத்தால் மேல்பாரம் அதிகம். உடனே மீன்வளத் துறைப் பொறியாளரையோ அனுபவமுள்ள படகு கட்டுவோரையோ கலந்து, பாரத்தைக் கீழே இறக்க வேண்டும். மெதுவாக, சொகுசாக ஆடும் படகு நல்ல படகு என்று எண்ணி ஏமாற வேண்டாம்.

இந்தச் சோதனைக்குப் பத்து ஆட்களின் ஒரு காலைப் பொழுதும், கொஞ்சம் பெயிண்டும் போதும். டேங்க்கைப் பொருத்திய பிறகு பிரித்து மாற்றுவதானால் எத்தனை நாள் கூலி வீணாகும் என்பது உங்களுக்கே தெரியும். ஆகவே மீனவ நண்பர்கள் இம்முறை படகை இறக்கும்போது, முதலில் சமன்புள்ளியைக் கண்டு, அதன் பிறகே டேங்க்குக்கு இடம் குறித்துப் பயன் பெறுவார்களாக.