தைமின் சொல்லும் பாடம்: இரத்தசோகையும் டி.என்.ஏ.வும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் இரத்தச் சிவப்பணு ஒரு பாடத்திலும் டி.என்.ஏ. வேறொரு பாடத்திலும் வருகின்றன. இரண்டையும் இணைக்கும் வினாவை மாணவர்களே கேட்பதுண்டு: "இரத்தசோகைக்கு இரும்புச்சத்து போதாதா? பள்ளியில் தரும் மாத்திரையில் ஃபோலிக் அமிலம் எதற்கு?" விடை சொல்ல 1946இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு உதவும்.

கருத்து விளக்கம்

நம் எலும்பு மஜ்ஜை வினாடிக்குச் சுமார் 20 இலட்சம் சிவப்பணுக்களை உருவாக்குகிறது. அவற்றின் முன்னோடிச் செல்கள் ஒவ்வொரு முறை பிரியும் முன்பும் டி.என்.ஏ. இரட்டிப்பாக வேண்டும். அதற்கான நான்கு காரங்களுள் ஒன்று தைமின். (வைட்டமின் பி1 எனப்படும் தயமின் வேறு, மாணவர்கள் குழப்பிக்கொள்வர்.) யுராசிலுடன் ஒரு மெத்தில் தொகுதி சேர்ந்த அமைப்பே தைமின். செல்லுக்குள் அதைச் சேர்க்க ஃபோலிக் அமிலம் தேவை. ஃபோலிக் அமிலம் முடங்காமல் செயல்பட வைட்டமின் பி12 தேவை.

இவற்றுள் ஒன்று குறைந்தாலும் டி.என்.ஏ. உற்பத்தி தடைபடும். செல் வளரும், ஆனால் உரிய நேரத்தில் பிரியாது. அதனால் சிவப்பணுக்கள் அளவில் பெருத்து, எண்ணிக்கையில் குறையும். இரும்புச்சத்துக் குறைவிலோ அவை சிறுத்து வெளிறிப்போகும்.

ஆய்வு காட்டியது

மருத்துவர் டாம் ஸ்பைஸும் அவர் குழுவினரும் பெருஞ்செல் இரத்தசோகை நோயாளிகளுக்குத் தைமினையே கொடுத்துப் பார்த்தனர். இளம் சிவப்பணுக்கள் பெருகின, இரத்தம் தேறியது. ஆனால் ஃபோலிக் அமிலம் சில மில்லிகிராம் போதுமான இடத்தில், தைமின் நாள்தோறும் பல கிராம் தேவைப்பட்டது. தனித்த தைமினை நம் உடல் எளிதில் பயன்படுத்துவதில்லை, பெரும்பகுதியைச் சிதைத்துவிடுகிறது. எனவே தைமின் மருந்தாக நிலைக்கவில்லை. எனினும் தடை எங்கே என்பதை அது சுட்டிக்காட்டியது.

வகுப்பறைச் செயல்பாடு

அ, தை, கு, சை என எழுதிய தாள்களைக் குழுக்களுக்குக் கொடுத்து, ஒரு டி.என்.ஏ. இழைக்கு இணை இழை அமைக்கச் சொல்லுங்கள். 'தை' தாள்களை மட்டும் கொடுக்காதீர்கள். பதிலாக 'யு' தாள்களும் மூடியிட்ட சிவப்புப் பேனாவும் கொடுங்கள். 'யு' மீது சிவப்புப் புள்ளி வைத்தால் அது 'தை'. புள்ளி மெத்தில் தொகுதி. பேனா ஃபோலிக் அமிலம். மூடியைத் திறப்பது பி12. இறுதியில் 'தை' தாள்களையே நேரடியாகக் கொடுங்கள். அதுதான் ஸ்பைஸ் செய்தது.

கவனிக்க

பி12 குறைபாட்டில் மூடிய பேனாவுக்குப் பதில் புதுப் பேனாக்களைக் கொடுத்தாலும் வேலை நடக்கும். அதாவது, ஃபோலிக் அமிலம் மிகுதியாகக் கொடுத்தால் இரத்தம் தேறும். ஆனால் நரம்புகளுக்குத் தேவையான பி12 கிடைக்காததால் நரம்புச் சேதம் தொடரும். இரத்தப் பரிசோதனை நன்றாக இருப்பதால் குறைபாடும் மறைந்துபோகும். மாத்திரை சாப்பிட்டும் சோர்வு நீங்காத, கை கால் மரத்துப்போவதாகச் சொல்லும் மாணவரை மருத்துவரிடம் அனுப்புவது நம் கடமை.

மதிப்பீட்டு வினாக்கள்

1. டி.என்.ஏ. குறைபாட்டால் இரத்தச் சிவப்பணு பெருப்பது ஏன்?
2. இரும்புச்சத்து மட்டும் இந்த இரத்தசோகையைத் தீர்க்காதது ஏன்?
3. தைமினைவிட ஃபோலிக் அமிலம் மிகக் குறைந்த அளவிலேயே பயன் தருவது எதனால்?