கடம் பிறக்கும் ஊர்

புனே நகரின் கசபா பேட்டையை ஒட்டிக் 'கும்பார் வேஸ்' என்றோர் இடம் உள்ளது. மராத்தியில் 'கும்பார்' என்பது குயவரையும், 'வேஸ்' என்பது ஊரின் வாயிலையும் குறிக்கும். தமிழில் சொன்னால் அது குயவர் வாயில். கோடை தொடங்கியதும் நீர்ப்பானைகளும், தீபாவளிக்கு முன்னர் அகல்விளக்குகளும் புனேயின் தெருவோரங்களில் குவிந்துவிடும். பானையை மராத்தியர் 'மாட்' என்பர். அகலைப் 'பணத்தி' என்பர். நவராத்திரியின் முதல் நாளன்று வீடுகளில் நிகழும் 'கடஸ்தாபனை'யில் மண்ணைப் பரப்பித் தானியம் விதைத்து, அதன் நடுவே குடம் வைப்பர். அவ்வழக்கில் உள்ள 'கட' என்னும் வடசொல்லே தமிழில் 'கடம்' என வழங்குகிறது.

ஆயினும் தமிழர் கடம் என்றவுடன் நினைப்பது பூசைக் குடத்தை அன்று. கருநாடக இசையரங்கில் மிருதங்கத்திற்குப் பக்கத்தில் ஒலிக்கும் மண்பானையை. அதற்குத் தோல் இல்லை, நரம்பு இல்லை, குழலைப்போல் துளைகளும் இல்லை. மண்ணால் ஆன சுவரும், அதனுள் அடங்கிய காற்றுமே அக்கருவி. சென்னையிலும் பெங்களூருப் பகுதியிலும் கடம் செய்வோர் உள்ளனர். எனினும் கனமும் கணீரென்ற ஒலியும் உடைய கடத்திற்குப் பெயர்பெற்ற ஊர், சிவகங்கை மாவட்டத்தில் வைகைக் கரையில் அமைந்த மானாமதுரை.

விடுமுறையில் மதுரைக்குச் செல்லும் புனே மாணவர், அங்கிருந்து இராமேசுவரம் செல்லும் தொடர்வண்டியில் ஏறினால், ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மானாமதுரைச் சந்திப்பில் இறங்கலாம். அவ்வழியே மண்பாண்டத்தின் வரலாற்றைச் சொல்லும் வழிதான். மதுரையிலிருந்து சுமார் 12 கி.மீ. தொலைவில் கீழடி உள்ளது. அங்கு நிகழ்ந்த அகழாய்வில் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகள் மிகுதியாகக் கிடைத்தன. அவற்றுள் சிலவற்றில் ஆதன், குவிரன் போன்ற பெயர்கள் பழந்தமிழ் எழுத்தில் கீறப்பட்டுள்ளன. 2023 மார்ச்சில் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்தில் இத்தகைய ஓடுகளைக் காணலாம். சுட்ட பானையின்மேல் கீறிய பெயர்கள் அதனை வாங்கிப் புழங்கியவர்களுடையவை என்று அறிஞர் கருதுகின்றனர். அப்படியானால் வனைந்தவரின் பெயர் எங்கே? அதை எந்த ஓடும் சொல்லவில்லை.

புனே மாணவருக்கு இச்செய்தி முற்றிலும் புதிதன்று. புனே மாவட்டத்திலேயே, கோட் ஆற்றங்கரையில் உள்ள இனாம்காவில் டெக்கான் கல்லூரி ஆய்வாளர்கள் அகழாய்வு நடத்தினர். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு அங்கு வாழ்ந்த உழவர்கள் பயன்படுத்திய பானைகளையும், பானை சுடும் சூளையையும், மனிதர் ஒருவரை அமர்ந்த நிலையில் வைத்துப் புதைத்த நான்கு கால் உடைய பெரிய தாழியையும் அவர்கள் வெளிக்கொணர்ந்தனர். வைகைக் கரையாயினும் கோட் ஆற்றங்கரையாயினும் மனிதர் நிலைத்து வாழ்ந்த இடத்தை நமக்கு முதலில் காட்டிக்கொடுப்பது உடைந்த ஓடே.

திருப்புவனத்தையும், அரிவாளுக்குப் பெயர்பெற்ற திருப்பாச்சேத்தியையும் கடந்து வண்டி மானாமதுரையை அடைகிறது. ஆண்டின் பெரும்பகுதி வைகையில் மணலே மிகுதி. குயவர் தெருவில் வீடுகளின் முன்னே பொங்கல் பானைகள், அடுப்புகள், பூந்தொட்டிகள், மாரியம்மன் திருவிழாவிற்கான அக்கினிச்சட்டிகள் ஆகியவை வெயிலில் காய்கின்றன. இங்கு மண்பாண்டத் தொழில் செய்வோரை வேளார் என்பர். அவர்களுள் மிகச் சிலரே கடம் செய்யக் கற்றவர்கள். பானை வனையத் தெரிந்த எல்லார்க்கும் கடம் கைவருவதில்லை.

கடத்தின் தொடக்கம் கண்மாயில் உள்ளது. மதுரை, சிவகங்கை வட்டாரங்களில் ஏரியைக் கண்மாய் என்பர். ஒரே கண்மாயின் மண் கடத்திற்குப் போதாது. ஓரிடத்து மண்ணில் பசை மிகுந்திருக்கும். மற்றோரிடத்து மண்ணில் மணல் மிகுந்திருக்கும். பசை மிகுந்தால் காயும்போது வெடிக்கும். மணல் மிகுந்தால் வனையும்போது சரியும். ஆகவே பல இடத்து மண்ணை உலர்த்தி, உடைத்து, சலித்து, நீரூற்றிக் கலக்கின்றனர். மண்ணுடன் இரும்புத்தூளையும் சேர்ப்பதுண்டு. பின்னர் அக்கலவையைக் காலால் மிதித்தும் கையால் பிசைந்தும் பதப்படுத்துகின்றனர். ஒரு சிறு கல்லோ வேர்த்துண்டோ காற்றுக்குமிழியோ உள்ளே தங்கிவிட்டால், அந்தக் கடம் சூளையிலேயே பிளந்துவிடும். மண் மிதித்தலை எளிய வேலை என்று கருதுவோர், சப்பாத்தி மாவைப்போல் பத்து மடங்கு மண்ணை ஒருமுறை பிசைந்து பார்க்கலாம்.

பதமான மண் திகிரியில் ஏறுகிறது. பழைய நாளில் கோலால் சுழற்றிய சக்கரத்தை இன்று மின்மோட்டார் சுழற்றுகிறது. ஈரக்கைகளுக்கு இடையில் மண் உயர்ந்து, விரிந்து, வாயும் கழுத்தும் வயிறும் உடைய உருவம் பெறுகிறது. காண்போர் வியப்பது இக்காட்சியைத்தான்; ஆனால் கடத்தின் ஒலி இங்கே உருவாவதில்லை. சக்கரத்திலிருந்து அறுத்தெடுக்கும்போது பானைக்கு அடிப்பகுதி மூடியிருக்காது; சுவரும் தடித்திருக்கும்.

அடுத்து நிகழ்வதே கடத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது. பானை சற்றே உலர்ந்து, விரலால் அழுத்தினால் பதியும் அளவிற்கு ஈரம் இருக்கும்போது, உள்ளே உருண்டைக் கல்லொன்றை ஒரு கையால் தாங்கி, வெளியே மரத்தட்டால் மறுகையால் தட்டுகின்றனர். தட்டத் தட்டச் சுவர் மெலிந்து விரிகிறது. திறந்திருந்த அடி மெல்ல மூடிக்கொள்கிறது. மண்துகள்கள் நெருங்கி இறுகுகின்றன. ஒரு கடத்திற்கு ஆயிரக்கணக்கான தட்டுகள் வேண்டும். இவ்வேலையில் பெண்களின் பங்கு பெரிது. சுவர் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் இருந்தால், இசைக்கலைஞரின் விரல் இடம் மாறும்போது ஒலியும் மாறிவிடும். சமையற் பானையில் இக்குறை யார் கண்ணிலும் படாது. கடத்தில் அதனைச் செவி கண்டுபிடித்துவிடும். சுவரின் கனத்தை அளக்க அவர்களிடம் கருவி எதுவும் இல்லை. உட்கையில் உணரும் அதிர்வும், தட்டின் ஓசையும்தான் அளவுகோல். தட்டிக்கொண்டிருப்பவரிடம் யாராவது பேச்சுக்கொடுத்தால் அவர் விடை சொல்லத் தாமதிப்பதற்குக் காரணம் இதுவே.

தட்டி முடித்த கடத்தை முதலில் நிழலில் உலர்த்துகின்றனர், பிறகே வெயில். அவசரப்பட்டு வெயிலில் வைத்தால் வெளிப்புறம் முந்திச் சுருங்கி விரிசல் விடும். மேற்பரப்பைத் தேய்த்து வழவழப்பாக்கிச் செம்மண் பூச்சு இட்டபின் சூளையில் அடுக்குகின்றனர். விறகும் வைக்கோலும் கொண்டு மூட்டும் தீ, தொடக்கத்தில் மென்மையாகவும் பின்னர்க் கடுமையாகவும் எரிய வேண்டும். உலர்ந்த களிமண்ணில் நீர் ஊற்றினால் அது மீண்டும் சேறாகும். ஆனால் ஏறத்தாழ 600 டிகிரி செல்சியசு வெப்பத்தைக் கடந்ததும் களிமண்ணின் மூலக்கூறுகளோடு பிணைந்திருந்த நீரும் வெளியேறிவிடுகிறது. அதன்பின் அதனை எத்தனை நாள் ஊறவைத்தாலும் பழைய மண் திரும்பாது. சூளைக்குள் செல்லும்வரை எந்தப் பிழையையும் திருத்தலாம்; வெளிவந்தபின் எதையும் திருத்த இயலாது.

கடத்தின் சுருதியை அதன் அளவும் சுவரின் கனமும் மண்ணின் இறுக்கமும் தீர்மானிக்கின்றன. வீணையின் நரம்பை முறுக்குவதைப்போலக் கடத்தை முறுக்கிச் சுருதி கூட்ட முடியாது. உள்ளே சிறிது நீர் ஊற்றியோ களிம்பு ஒட்டியோ சற்றே மாற்றலாம்; அவ்வளவுதான். அதனால்தான் கடக் கலைஞர்கள் வெவ்வேறு சுருதியுள்ள பல கடங்களை வைத்திருக்கின்றனர். கடத்தை மடியில் வைத்து, வாயைத் தம் வயிற்றோடு பொருத்தியும் விலக்கியும் வாசிக்கும்போது உள்ளிருக்கும் காற்றின் ஒலி மாறுகிறது. கழுத்தில் விரல் பட்டால் கூர்மையான ஒலி. வயிற்றில் உள்ளங்கை பட்டால் ஆழ்ந்த ஒலி. மானாமதுரைக் கடம் கனமானது என்பதால் அதனை வாசிக்க விரல்களில் வலு மிகுதியாக வேண்டும்.

பக்கவாத்தியங்களின் வரிசையில் கடைசியில் அமர்ந்திருந்த இக்கருவியை உலக மேடைக்குக் கொண்டுசென்றவர் விக்கு விநாயக்ராம். 1970களில் ஜான் மெக்லாப்ளின், ஜாகிர் உசேன், எல். சங்கர் ஆகியோருடன் 'சக்தி' இசைக்குழுவில் அவர் வாசித்தார். அவர் பங்குபெற்ற 'பிளானட் டிரம்' இசைத்தொகுப்பு 1992இல் கிராமி விருது பெற்றது. பெண்களின் விரல்களுக்குக் கடம் ஒத்துவராது என்று கருதப்பட்ட காலத்தில் அவரிடம் பயின்று மேடையேறியவர் சுகன்யா ராம்கோபால். வெவ்வேறு சுருதியில் அமைந்த கடங்களைச் சுற்றிலும் வைத்து இராகம் வாசிக்கும் 'கடதரங்கம்' அவர் அளித்த கொடை.

வாசிப்பவர் பெயர் இவ்வாறு அரங்கில் ஒலிக்கும்போது, கடத்தைச் செய்தவர் பெயரை அறிவிப்பது அரிது. இக்குறை ஒருமுறை நீங்கியது. கடம் செய்யும் கலைக்காக மானாமதுரையைச் சேர்ந்த மீனாட்சி கேசவன் 2014இல் குடியரசுத் தலைவரிடமிருந்து சங்கீத நாடக அகாதெமி விருது பெற்றார். மேடையில் ஒரு தாளமும் வாசிக்காத, மரத்தட்டு பிடித்துப் பழகிய கைகளுக்குக் கிடைத்த இசை விருது அது. 2023இல் மானாமதுரை மண்பாண்டங்களுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. வேறோர் ஊரில் செய்த பானையை இனி மானாமதுரைப் பானை என்று கூறி விற்பது சட்டப்படி தவறாகும்.

ஐரோப்பாவிலும் இத்தகைய ஊர் ஒன்று உண்டு. உருமேனியா நாட்டில் கார்பேத்திய மலையடிவாரத்தில் உள்ள ஹொரேசு அது. அங்கே குயவர்கள் வாழும் பகுதியின் பெயர் 'ஒலாரி'. அதன் பொருளும் குயவர்கள் என்பதே. புனேயின் கும்பார் வேஸ் நினைவுக்கு வருகிறது. ஹொரேசில் ஆண்கள் மண்ணெடுத்து வனைகின்றனர்; பெண்கள் துளையிட்ட மாட்டுக்கொம்பில் வண்ணம் நிரப்பி ஒழுகவிட்டும், மெல்லிய கம்பி செருகிய குச்சியால் கீறியும் தட்டுகளில் கோலமிடுகின்றனர். சேவல் உருவம் அவர்களின் அடையாளம். 2012இல் யுனெசுகோ அக்கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஹொரேசுத் தட்டைச் சுவரில் மாட்டிக் கண்ணால் காணலாம். மானாமதுரைக் கடத்தின் அழகோ கண்ணுக்குத் தெரியாது. அதனைத் தட்டித்தான் அறிய வேண்டும்.

விருதும் குறியீடும் வந்தபின்னும் வேளார் குடும்பங்களின் கவலை தீரவில்லை. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மண் காயாது, சூளை எரியாது, வேலை நின்றுவிடும். அம்மாதங்களுக்கு அரசின் மழைக்கால நிவாரணத் தொகையை அவர்கள் எதிர்பார்க்கின்றனர். கண்மாயில் மண் எடுக்க அனுமதி வேண்டி அலைந்த காலம் நெடியது. 2024இல் தமிழ்நாடு அரசு, மண்பாண்டத் தொழிலாளர்கள் வட்டாட்சியரிடமே அனுமதி பெற்றுக் கட்டணமின்றி மண் எடுக்க வழிசெய்தது. இவற்றைவிடப் பெரிய கவலை, மரத்தட்டை அடுத்து யார் பிடிப்பார் என்பது. நாள் முழுவதும் குனிந்திருந்து தட்டுவதால் தோளும் இடுப்பும் வலிக்கும். படித்த பிள்ளை வேறு வேலைக்குச் செல்ல விரும்பினால் அதனைக் குறைகூற யாருக்கும் உரிமை இல்லை. ஆனால் தட்டின் ஓசையைக் கேட்டே சுவரின் கனத்தை அறியும் திறன் எந்த ஏட்டிலும் எழுதப்படவில்லை. பக்கத்தில் அமர்ந்து பல ஆண்டுகள் கேட்டவர்க்கே அது வாய்க்கும்.

சூளை ஆறியதும் கடங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுக்கின்றனர். சாம்பலைத் துடைத்துவிட்டு, விரல்கணுவால் கழுத்திலும் வயிற்றிலும் தட்டிப் பார்க்கின்றனர். சில கடங்கள் மங்கலாக ஒலிக்கின்றன. அவற்றின்மேல் செலுத்திய உழைப்பு மற்றவற்றின்மேல் செலுத்திய உழைப்பிற்குச் சற்றும் குறைந்ததன்று. எனினும் அவை ஒருபுறம் ஒதுக்கப்படுகின்றன. ஒன்று மட்டும் மணிபோல் ஒலிக்கிறது. தெருவில் விளையாடும் சிறுவர்களும் ஒரு கணம் திரும்பிப் பார்க்கின்றனர். அக்கடத்தை வைக்கோலில் பொதிந்து, சுருதியைச் சுண்ணக்கட்டியால் அதன்மேல் குறித்து, வாங்க வரும் கலைஞருக்காக உள்ளே எடுத்துவைக்கின்றனர்.

சொல்லும் பொருளும்

திகிரி – குயவரின் சக்கரம். வனைதல் – மண்ணால் கலம் செய்தல். சூளை – மண்பாண்டம் சுடும் இடம். கண்மாய் – ஏரி. தாழி – வாயகன்ற பெரிய மண்கலம். சுருதி – இசைக்கு அடிப்படையாகும் ஒலிநிலை.

பயிற்சி

1. பல கண்மாய்களின் மண்ணைக் கலப்பது ஏன்? இரண்டு தொடர்களில் எழுதுக.

2. 'சூளைக்குள் செல்லும்வரை எந்தப் பிழையையும் திருத்தலாம்' – இதற்குரிய அறிவியல் காரணத்தைப் பாடத்திலிருந்து எடுத்து எழுதுக.

3. நீர்ப்பானை செய்வதற்கும் கடம் செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை உம் சொற்களில் விளக்குக.

4. கடம் செய்யும் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் நகரத்தில் வேறு வேலைக்குச் செல்ல விரும்புகிறார். அவருக்கும் அவருடைய பாட்டிக்கும் இடையே நிகழும் உரையாடலைப் பத்து வரிகளில் எழுதுக. இருவர் பக்கமும் நியாயம் இருத்தல் வேண்டும்.

5. கும்பார் வேசுக்கோ உம் வீட்டருகே பானை விற்கும் இடத்திற்கோ பெற்றோருடன் சென்று, மண்கலங்களின் மராத்திப் பெயர்களைக் கேட்டறிக. அவற்றிற்கு நிகரான தமிழ்ப் பெயர்களை வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எதிரே எழுதுக.