ஒரு நொடிக்கு அறுபது முடிவுகள்

தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடும் பழைய விளையாட்டுப் பெட்டிகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' அவற்றுள் புகழ்பெற்றது. அதில் 32 கட்டங்கள் உண்டு. குறுக்குவழிக் குழாய்களில் புகுந்தால் 8 கட்டங்களிலேயே முடித்துவிடலாம். விரல் வேகத்தை நம்பாமல், கருவிகளின் துணையால் மிக விரைவான ஆட்டத்தை உருவாக்குவது எப்படி? பார்ப்போம்.

எத்தனை வழிகள்?

இந்தப் பெட்டியின் அமெரிக்க வகை நொடிக்கு ஏறத்தாழ 60 படங்களைத் திரையில் காட்டுகிறது. ஒரு படத்துக்கு ஒரு 'ஃபிரேம்' என்று பெயர். ஒவ்வொரு ஃபிரேமிலும் எந்தப் பொத்தான்கள் அழுத்தப்பட்டுள்ளன என்று ஆட்டம் பார்க்கும். பொத்தான்கள் 8. எனவே ஒரு ஃபிரேமுக்கு 256 வழிகள். ஒரு நொடிக்கு? 256ஐ 60 முறை பெருக்க வேண்டும். விடை 145 இலக்க எண்! அத்தனையையும் எந்தக் கணிப்பொறியாலும் சோதிக்க இயலாது. அதனால்தான் இதில் நம் சிந்தனைக்கு வேலை இருக்கிறது.

மூன்று வசதிகள்

பழைய பெட்டியைப் போலவே கணிப்பொறியை இயங்கச் செய்யும் நிரலுக்கு 'எமுலேட்டர்' என்று பெயர். 'எஃப்.சி.இ.யு.எக்ஸ்' என்ற எமுலேட்டர் இலவசமாகவே கிடைக்கிறது. அதில்,

1. ஆட்டத்தை ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தலாம்.

2. ஒரு நிலையைச் சேமித்து, தவறினால் அங்கேயே திரும்பலாம்.

3. அழுத்திய பொத்தான்களை வரிசையாகப் பதிவு செய்யலாம்.

பதிவாவது படம் அன்று, பொத்தான்கள் மட்டுமே. ஆயினும் அதைத் திரும்ப ஓட்டினால் அதே ஆட்டம் அப்படியே நிகழும். தொடக்கமும் உள்ளீடும் ஒன்றானால் விளைவும் ஒன்றே. எதிரிகளின் 'தற்செயல்' அசைவும் கணக்கிட்டுப் பெற்ற எண்களால் வருவதுதான்.

மணி அடிக்கும் வரை

மாரியோ ஆட்டத்தில் ஒரு விந்தை உண்டு. கட்டம் முடிந்ததா என்பதை ஆட்டம் 21 ஃபிரேமுக்கு ஒரு முறைதான் பார்க்கிறது. பாடம் முன்னதாக முடிந்தாலும் மணி அடித்த பிறகுதானே அடுத்த வகுப்பு? அதுபோல, 5 ஃபிரேம் மிச்சப்படுத்தியும் முந்தைய 'மணி'யை எட்டாவிட்டால் பயனில்லை. எட்டிவிட்டால் 21 ஃபிரேம் லாபம். கடைசிக் கட்டத்தின் முடிவுக்கு மட்டும் இந்த விதி இல்லை. அங்கே ஒவ்வொரு ஃபிரேமும் கணக்கில் வரும்.

சொல்லிவிட்டுச் செய்க

2003இல், 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 3' சுமார் 11 நிமிடத்தில் முடியும் ஒரு படம் இணையத்தில் பரவியது. கையால் ஆடியது என்று நம்பிய பலர், உண்மை தெரிந்ததும் ஏமாற்றமடைந்தனர். கருவியின் துணையை வெளிப்படையாகச் சொன்னால் அது ஆராய்ச்சி, மறைத்தால் மோசடி. கையால் ஆடியவரின் சாதனையோடு இதை ஒப்பிடவும் கூடாது.

செய்து பாருங்கள்

முறையாகப் பெற்ற ஆட்டம் ஒன்றில், ஒரு பள்ளத்துக்கு முன் நிலையைச் சேமியுங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு ஃபிரேம் தாமதித்துத் தாவுங்கள், வேறெதையும் மாற்றாதீர்கள். தரையிறங்கிய ஃபிரேம் எண்ணை அட்டவணையில் குறியுங்கள். எது சிறந்தது?

இனி ஒரு கேள்வி: மாரியோ ஆட்டத்தின் முதல் கட்டத்தில் 30 ஃபிரேம் மிச்சப்படுத்தினால், அடுத்த கட்டம் எத்தனை ஃபிரேம் முன்னதாகத் தொடங்கும்? 21 என்பார் ஒருவர். 42 என்பார் இன்னொருவர். இருவர் விடையும் சரியாகலாம். எப்போது எது சரி என்று கணக்கிட்டுப் பாருங்கள்!