புழு தந்த துப்பு

இரண்டு நோயாளிகள். இருவருக்கும் நுரையீரலில் ஒரே அளவுள்ள புற்றுக்கட்டி. ஒரே விதமான அறுவை சிகிச்சை. ஒருவர் பல்லாண்டு நலமாக இருக்கிறார். மற்றவருக்கோ இரண்டே ஆண்டுகளில் நோய் திரும்பிவிடுகிறது. ஏன் இந்த வேறுபாடு? கட்டியை அகற்றிய உடனேயே இதை முன்கூட்டி அறிய முடிந்தால், ஆபத்து மிகுந்தவருக்குக் கடுமையான மருந்துகளைக் கூடுதலாகத் தரலாம். மற்றவருக்கு அந்தத் துன்பம் வேண்டியதில்லை அல்லவா?

இதற்கு ஒரு துப்பு, ஒரு மில்லிமீட்டர் நீளமே உள்ள நூற்புழுவிடமிருந்து கிடைத்தது!

செல்லில் புரதம் உண்டாகும் விதத்தைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். டி.என்.ஏ. என்பது பெட்டியில் பூட்டிவைத்த மூலப் பத்திரம் என்றால், தூது ஆர்.என்.ஏ. அதன் நகல். நகலைப் படித்து ரைபோசோம்கள் புரதத்தைக் கட்டுகின்றன. 1993-இல் அமெரிக்க அறிஞர்களான விக்டர் அம்ப்ரோசும் கேரி ருவ்குனும் இக்கதையில் புதிய பாத்திரம் ஒன்றைக் கண்டனர். புழுவின் லின்-4 என்னும் ஜீன் எந்தப் புரதத்தையும் உண்டாக்கவில்லை. சுமார் 22 எழுத்துகளே கொண்ட குட்டி ஆர்.என்.ஏ. ஒன்றைத்தான் தந்தது. அது வேறொரு ஜீனின் நகலில் போய் ஒட்டிக்கொண்டு, புரதம் உருவாகாமல் தடுத்தது. இதுவே மைக்ரோ ஆர்.என்.ஏ. முதலில் இதைப் புழுவின் விநோதம் என்றே பலரும் எண்ணினர். ஆனால் 2000-இல் கண்டறியப்பட்ட லெட்-7 மனித உடலிலும் இருந்தது. அம்ப்ரோசும் ருவ்குனும் 2024-இல் நோபல் பரிசு பெற்றனர்.

லெட்-7 இல்லாத புழுவில் சில செல்கள் முதிர வேண்டிய வேளையில் முதிராமல், மேலும் மேலும் பிரிகின்றன. இது உங்களுக்கு எதை நினைவூட்டுகிறது? ஆம், புற்றுநோயைத்தான்.

2004-இல் ஜப்பானின் நகோயா நகர ஆய்வாளர்கள், அறுவை சிகிச்சை பெற்ற 143 பேரின் நுரையீரல் கட்டிகளில் லெட்-7 அளவைப் பார்த்தனர். அளவு குறைந்திருந்தவர்கள் மற்றவர்களைவிடக் குறைந்த காலமே வாழ்ந்திருந்தார்கள். மறு ஆண்டே காரணமும் புலப்பட்டது. செல்லைப் பிரியத் தூண்டும் ராஸ் என்ற புரதத்துக்கு லெட்-7 ஒரு பிரேக். பிரேக் தேய்ந்தால் வண்டி என்னவாகும்? 2006-இல் அமெரிக்காவில் நடந்த ஆய்விலும் லெட்-7 குறைவு கெட்ட அறிகுறியாகவே தெரிந்தது. மிர்-155 என்ற மற்றொன்று அங்கே நேர்மாறாக இருந்தது. அது கூடினால்தான் ஆபத்து.

மைக்ரோ ஆர்.என்.ஏ.வுக்கு இன்னொரு வசதியும் உண்டு. நீண்ட தூது ஆர்.என்.ஏ. எளிதில் துண்டுதுண்டாகிவிடும். இதுவோ மிகக் குட்டி. மெழுகில் பதித்துப் பல ஆண்டுகள் வைத்திருந்த திசுவிலிருந்தும் இதை அளக்கலாம்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். இத்தகைய அடையாளம் ஒரு கூட்டத்தின் போக்கையே காட்டும். தனி ஒருவரின் ஆயுளைக் கணித்துச் சொல்ல இது ஜாதகம் அன்று. அளக்கும் முறை மாறினால் முடிவும் மாறுகிறது. எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவும் இல்லை. அதனால்தான் கட்டியின் அளவையும், அது நிணநீர்க் கணுக்களுக்கும் பிற உறுப்புகளுக்கும் பரவியிருக்கிறதா என்பதையும் கொண்டே மருத்துவர்கள் இன்றும் நோயின் கட்டத்தை முடிவு செய்கிறார்கள்.