இளவேனிற் காலத்தில் கொட்டிலும் கொல்லையும்



அறுவடை முடிந்து களம் ஒழிந்தபின், மாசி தொடங்கி வைகாசி வரையிலுள்ள நாட்களை நம்மில் அநேகர் ஓய்வுக் காலமென்று எண்ணுகிறோம். புங்கு தளிர்க்கின்றது; வேம்பு பூக்கின்றது; மா பிஞ்சு விடுகின்றது. ஆயினும் வயலில் வேலை குறைந்த இக்காலத்திலேதான் கொட்டிலிலும் கொல்லையிலும் வேலை மிகுதி. இதனைக் கவனியாமையால் விளைந்த துன்பம் ஒன்றை முதலிற் கூறுகின்றேன். அதில் என் பிழையும் உண்டு.

ஓர் அநுபவம்

சில வருஷங்களுக்கு முன் ஒரு பங்குனிக் கடைசியில், தவணை தவறிய கடன்களை வசூலிக்கும் பொருட்டு ஒரு கிராமத்துக்குச் சென்றேன். அங்கே கைம்பெண்ணாகிய ஓர் அம்மையாருக்கு 60 சென்ட்டு நிலமும் ஒரு பசுவும் இருந்தன. பசு ஏழு மாதச் சினை. “ஐயா, ஆனியில் பசு ஈன்றுவிடும், பால் ஊற்றிக் கடனை அடைத்துவிடுகிறேன்” என்று அவர் வேண்டினார். வருஷ முடிவுக்குள் கணக்கு நேராக வேண்டுமென்ற ஒரே எண்ணத்தால் நான் இணங்கவில்லை. அவரிடம் வைக்கோலும் இல்லை. தை மாதத்திலேயே களத்தில் வைத்து மலிவாய் விற்றிருந்தார். மூன்றாம் நாள் பசு சந்தைக்குப் போயிற்று. தீவனம் அருகிய கோடையில் விற்பவர் பலர், வாங்குபவர் சிலர். ஆதலால் தகுந்த விலை கிடைக்கவில்லை. எனினும் பாக்கி தீர்ந்தது. நானும் மகிழ்ந்து திரும்பினேன்.

ஆனியில் மறுபடியும் அவ்வூர் சென்றேன். பசு அடுத்த ஊரில் கிடேரிக் கன்று ஈன்றிருந்தது. அம்மையாரின் கொட்டில் வெறுமையாயிருந்தது. எருவின்றிக் கொல்லையும் காய்ந்திருந்தது. அடுத்த தவணையைக் கேட்க எனக்கு நா எழவில்லை. கடனைத் தீர்க்க வேண்டியது பசுவின் பாலேயன்றிப் பசுவன்று என்பதை அன்றுதான் கற்றேன்.

வைக்கோற் கணக்கு

பசு ஒன்றுக்கு நாளொன்றுக்கு 6 கிலோ வைக்கோல் என்று கொண்டால், மாசி முதல் வைகாசி ஈறாக 120 நாட்களுக்கு 720 கிலோ வேண்டும். இதனைத் தை மாதத்திலேயே கணக்கிட்டு ஒதுக்கிவைத்த பின்னரே எஞ்சியதை விற்க வேண்டும். களத்தில் விற்ற வைக்கோலைச் சித்திரையில் திரும்ப வாங்குவோன் இருமுறை நஷ்டமடைகிறான். போரைத் தரையில் இடாமல், கல் அல்லது பனந்துண்டுகளின்மேல் மேடையமைத்து, கோடை மழை இறங்காதபடி உச்சியைச் சரித்து வேய்க. அடுப்பங்கரைக்கு அருகில் போர் கூடாது.

வைக்கோல் வயிற்றை நிரப்புமேயன்றி உடலைத் தேற்றாது. ஆகையால் பசுந்தழையும் சிறிது வேண்டும். ஆடி மழையில் வேலியோரம் அகத்தி விதைத்தவர்க்கு அடுத்த பங்குனியில் தழை கிடைக்கும்.

பசுவும் கன்றும்

வேனிலில் மாட்டுக்கு முதல் தீவனம் தண்ணீரேயாம். கறவைப் பசுவுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டருக்குக் குறையாமல் வேண்டும். தொட்டியை நிழலில் அமைத்து, எப்பொழுதும் நிரப்பிவைக்க வேண்டும். உச்சிப்பொழுதில் ஏர் மாட்டை வெயிலில் ஓட்டலாகாது.

பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாட்கள். ஈனுவதற்கு 60 நாட்களுக்கு முன்பே கறவையை நிறுத்திவிட வேண்டும். வயிற்றிலுள்ள கன்று மிகுதியும் வளர்வது அந்நாட்களில்தான். நஞ்சுக்கொடி விழும் வரையில் கன்றை ஊட்டவிடலாகாது என்னும் வழக்கம் சில ஊர்களில் உண்டு. அது பெருந்தவறு. பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கன்று சீம்பால் குடிக்க வேண்டும். நோயைத் தடுக்கும் சக்தி அதற்கு அப்பாலின் மூலமாகவே வருகின்றது.

முன்னாளில் ஊர் ஊராக மாடுகளை வாரிச் சென்ற வெக்கை நோய், தடுப்பூசியின் பயனாக உலகத்தினின்றே ஒழிந்ததென 2011ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. கோமாரி நோயோ இன்னும் நம்மை விடவில்லை. ஆதலால் ஊசி போடும் நாளில் ஒரு மாடேனும் விடுபடாதபடி ஊரார் ஒன்றுகூடி நிறுத்த வேண்டும்.

கோழி

கடும் வெயிலுக்கு முன், மாசியிலேயே அடை வைத்தல் நலம். ஒரு நாட்டுக்கோழிக்கு 10 முதல் 12 முட்டை போதும். ஏழாம் நாள் இரவில் முட்டையை விளக்கொளிக்கு எதிரே பிடித்து, இரத்தநாளம் தோன்றாதவற்றை நீக்குக. 21ஆம் நாள் குஞ்சு பொரியும். கோடையில் வெள்ளைக் கழிச்சல் ஒரே வாரத்தில் கூடையைக் காலியாக்கக்கூடும். ஆகவே முன்னதாகவே கால்நடை மருந்தகத்தில் தடுப்பு மருந்து பெறுக.

கொல்லைத் தோட்டம்

வீட்டுத் தேவைக்கு 2 சென்ட்டு போதும். மாசிப் பட்டத்தில் வெண்டை, கொத்தவரை, கத்தரி முதலியவற்றை இடுக. சுரையையும் புடலையும் கொட்டிலின் பக்கமாகப் பந்தலேற்றினால், காயும் கிடைக்கும். மாட்டுக்கும் கோழிக்கும் நிழலும் உண்டாகும். கீரையை ஒரேநாளில் விதையாமல் வாரம் ஒரு பாத்தியாக விதைத்தால், நான்கு வாரத்துக்குப்பின் வாரந்தோறும் பறிக்கலாம். மாடு கழுவிய நீரைப் பாத்திக்கு விடுக. மாலையில் நீர் பாய்ச்சி, செடியினடியில் சருகு பரப்பினால் ஈரம் நெடுநேரம் நிற்கும். சாணத்தை வறட்டியாக்கி எரித்துவிடாமல் குழியில் மக்கவைப்பவனுக்கே கொல்லை பலன் தரும்.

சங்கத்தின் கடமை

தவணை கட்ட இயலாதென்று தோன்றினால், அங்கத்தினர் கெடுநாள் வரையில் மறைந்திராமல், மாசியிலேயே சங்கத்துக்கு விண்ணப்பம் செய்ய வேண்டும். பஞ்சாயத்தாரும் அவருடைய கொட்டிலை நேரிற் பார்த்து, விதிகளுக்கு உட்பட்டுத் தவணையை மாற்றக்கூடுமாவென்று ஆலோசித்தல் வேண்டும். பால் சங்கம் உள்ள ஊர்களில் பாற்பணத்திலிருந்து சிறிது சிறிதாகக் கடனைச் செலுத்த ஏற்பாடு செய்துகொள்ளலாம். நாணயமான அங்கத்தினர் கறவையை இழந்தால் சங்கமும் வருங்காலத் தவணைகளை இழக்கின்றது.

அடுத்த கூட்டத்தில் ஆலோசிக்க வேண்டியவை

1. நம் சங்கத்தில் வைகாசி வரையில் வைக்கோல் உடையவர் எத்தனை பேர்?
2. சினைப்பசு வைத்திருந்து, தவணையும் நெருங்கியவர் யார் யார்?
3. கோமாரி ஊசி போடாத மாடுகள் எத்தனை?

எழுத்தறியாத அங்கத்தினர்க்கு இதனைக் காரியதரிசி வாசித்துக் காட்டுவாராக.